கொண்டு போங்கோ

எங்கள் ஒழுங்கையில் எத்தனை விதமான தமிழ் பேசப்படுகிறது என்று ஒருநாள் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். எண்ணுவது எனக்கு வியாதி. கோயிலில் மெழுகுதிரிகளை எண்ணுவேன், பஸ்ஸில் தலைகளை எண்ணுவேன், மழை பெய்தால் கூரை ஒழுகும் இடங்களை எண்ணுவேன். அன்று ஆறு வந்தது.

எதிர்வீட்டு மீன் வியாபாரியின் தமிழ் முதலாவது. அவர் முஸ்லிம். யுத்த காலத்தில் ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போக வேண்டி வந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்து, நரைத்த பிறகு மன்னாரில் எங்கள் உப்புக்குளத்துக்குத் திரும்பியவர். என்னைவிட இளையவர்தான் என்றாலும் நான் அவரை, அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, நானா என்றே கூப்பிடுவேன். அவருடைய பேரப்பிள்ளைகளின் தமிழில் பாதிக்குப் பாதி சிங்களம் கலந்திருப்பதால் அதைத் தனியாக எண்ணினேன். பின்வளவில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். நாங்கள் 'ஓம்' என்றால் அவர்கள் 'ஆமாங்க' என்பார்கள். மூலைவீட்டார் இந்திய அகதி முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டி மாதிரிப் பேசும். ஐந்தாவது என்னுடைய தமிழ். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக முதுகு வளைந்தவன் நான். கூட்ட அறிக்கை வாசிப்பது போல வீட்டிலும் பேசுகிறேன் என்று என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் சொல்லுவாள்.

ஆறாவது எஞ்சின் பாஸின் தமிழ். அது இப்போது இல்லை. ஆகவே கணக்கு ஐந்து.

பாஸ் சிங்களவர், கத்தோலிக்கர். சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் ஒரு கரையூரில் பிறந்தவர். பருவத்துக்கு வந்து கடற்கரையில் ஓலை வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்துவிட்டுப் போகும் கூட்டத்தோடு இளந்தாரியாக மன்னாருக்கு வந்தார். படகு எஞ்சின் திருத்தத் தெரிந்த கை; கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கை இங்கே குறைவு. கூட்டம் திரும்பிப் போனபோது அவர் போகவில்லை. கரையிலேயே ஒரு பெண்ணை விரும்பிக் கட்டினார். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு, என் வீட்டுக்கு அடுத்தது, அவர்களுடையது.

தமிழை அவருக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததாக இங்கே பலர் பெருமை பேசுவார்கள். அது பிழை. அவர் தமிழோடுதான் வந்தார். அவர்களுடைய கரையில் பழைய சனங்கள் வீட்டுக்குள் தமிழ்தான் பேசினார்கள். "வீட்டில அம்மா தமிழ், பள்ளிக்கூடம் சிங்களம், கடலில ரெண்டும்" என்று அவரே சொல்லுவார். ஆனால் அந்தத் தமிழ் ஒரு தினுசாக இருக்கும். நான் வந்த, நீ வந்த, அவள் வந்த என்று எல்லாருக்கும் ஒரே 'வந்த', வால் இல்லாத சொல். கரையில் நின்ற பெடியள் விடுவார்களா?

"பாஸ், வாலை எங்க அறுத்துப் போட்டிட்டு வந்தனீங்கள்?"

"நீங்க எல்லாம் வாலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா படகு எப்ப போற?" என்று அவர் ஸ்பானரைக் காட்டிக் கேட்பார். கரை முழுவதும் சிரிக்கும்.

மனைவியோடு இருந்து இருந்து அவருடைய பேச்சிலும் வால் முளைத்துவிட்டது. கடைசிக் காலத்தில் 'வந்தனான்', 'போறன்' என்று எங்கள் ஆட்களைப் போலவே பேசினார். எஞ்சின் ஸ்டார்ட் எடுக்காத நேரத்தில் மட்டும் சிங்களம் வரும். அதுவும் எஞ்சினுக்கு மட்டுமே கேட்கும் அளவு தாழ்ந்த குரலில்.

எனக்கும் சிங்களம் தெரியும் என்பது ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். உத்தியோகத்தில் நிலைக்கச் சிங்களப் பரீட்சையில் சித்தியடைய வேண்டியிருந்தது. படித்த காலத்தில் பேசிப் பழகுவதற்காகப் பாஸிடம் போனேன். புத்தகத்தில் இருந்த நல்ல வாக்கியம் ஒன்றைச் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இப்பிடிக் கதைச்சா எங்கட ஊரில எல்லாரும் எழும்பி நிப்பாங்க."

"ஏன்?"

"வீடு உடைக்க வந்த கவுண்மெந்து எண்டு நினைப்பாங்க."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. திரும்பிப் போய்ப் புத்தகத்தையே படித்தேன். பரீட்சையில் நல்ல புள்ளி. அதன் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் அவரும் நானும் அடுத்தடுத்த வாசல்களில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம், எல்லாம் தமிழில். அவருடைய தமிழ் என் சிங்களத்தைவிட எவ்வளவோ நல்லது என்பதால் அதுவே இருவருக்கும் வசதியாக இருந்தது. இந்த ஊரில் எப்போதும் வசதிதான் மொழியைத் தீர்மானித்தது. சில காலங்களில் பயம்.

யுத்தம் வந்தபோது இரண்டு பாசை தெரிந்த மனிதனை எல்லாரும் தேடினார்கள். சீருடைக்காரரும் கூப்பிட்டார்கள், இயக்கப் பெடியளும் கூப்பிட்டார்கள். பாஸ் வாயை மூடிக்கொண்டார். எஞ்சினோடு பேசுவதையும் விட்டார். அவர்களுக்கு ஒரே மகன். அவனுக்கு ஒரு சிங்களச் சொல்லைக்கூட அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. "ரெண்டு பாசை இருந்தா ரெண்டு பக்கமும் கூப்பிடுவாங்கள் ஐயா. பிள்ளைக்கு ஒண்டு காணும்" என்றார். அந்தப் பிள்ளையை இரண்டு பக்கமும் கூப்பிடவில்லை. கடல்தான் கூப்பிட்டது. படகு கவிழ்ந்து போனான். பதினாறு வயது. எங்கள் சேமக்காலையில், மேற்கு மதில் ஓரத்துக் குழியில் கிடக்கிறான். அவனுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு மொழியைச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை, ஒளித்து வைக்கவும் தேவை இல்லை.

யுத்தம் ஓய்ந்து பாதை திறந்த பிறகு பாஸின் தங்கை மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வரத் தொடங்கினாள். அண்ணனும் அண்ணியும் போய்ச் சந்திப்பார்கள். நானும் இரண்டு முறை கூடப் போயிருக்கிறேன். மரத்தடியில் பாயை விரித்து இரண்டு பெண்களும் எதிரெதிரே இருப்பார்கள். நடுவில் பாஸ். இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லுவார், அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் சொல்லுவார். தனக்குப் பிடிக்காததைச் சொல்லாமல் விட்டு, இல்லாததைச் சேர்த்தும் சொல்லுவார் என்று எனக்குச் சந்தேகம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தங்கை பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர்கள் ஊரில் தமிழ் வீட்டுக்குள்ளும் ஒடுங்கிவிட்டது. தாய் கிழவிகளோடு மட்டும்தான் தமிழ் பேசினாளாம். தாயின் தமிழ் மகனுக்கு முழுதாகக் கிடைத்தது. மகளுக்குத் துண்டும் துணுக்கும்.

போன வருடம் பாஸ் பெரியாஸ்பத்திரியில் இறந்தார். நெஞ்சு நோவு. விடியற்காலையில் அவருடைய மனைவி என் படலையடியில் வந்து நின்றாள். அழுகை இன்னும் வெளியே வரவில்லை. அவளை நான் பிள்ளை என்றுதான் கூப்பிடுவது.

"அண்ணை, மகனுக்குப் பக்கத்தில வெட்டச் சொல்லிட்டன். அவற்ர தங்கச்சிக்கு ஒருக்கா அறிவிச்சு விடுங்கோ."

தொலைபேசியை எடுத்தேன். தாங்கள் பெரிதும் மதித்த சகோதரனார் காலமானார் என்பதை ஆழ்ந்த மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன் என்ற பொருளில், நல்ல இலக்கணச் சிங்களத்தில் சொன்னேன். தங்கை, எந்த அரசாங்கக் கந்தோரிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டாள். நான் யார் என்று விளங்கப்படுத்துவதற்குள் அவளுக்கு விஷயம் விளங்கி, அலறல் கேட்டது. அவளுடைய மகன் தொலைபேசியை வாங்கினான். தாங்கள் வான் வண்டி ஒன்று பிடித்து வருவதாகவும், மாமாவைக் கொண்டுபோய்ப் பாட்டியின் குழிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமென்று அம்மா சொல்லுவதாகவும் சொன்னான். வேகமாகப் பேசினான். இரண்டு தடவை கேட்டுத்தான் எனக்குப் பிடிபட்டது.

பாஸின் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

"வரட்டும்" என்றாள். "வந்து முகத்தைப் பாத்து அழட்டும். கொண்டு போக விடமாட்டன் அண்ணை. என்ர பிள்ளை அங்க தனியக் கிடக்கிறான்."

"நான் சொல்லிறன் பிள்ளை. நீ யோசியாத."

சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதி, அடித்து, திருத்தி வைத்துக்கொண்டேன். நானா அந்த நேரம் பார்த்துக் குடும்பத்தோடு புத்தளத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். சிங்களத்துக்கு நான் ஒருவன்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு வான் வந்தது. சங்கத்துக் கதிரைகளை நான்தான் எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன், இருபத்தெட்டு. வீட்டுக்குள் பெட்டி. பெட்டியின் தலைமாட்டில் பாஸின் மனைவி. தங்கை வெள்ளைச் சேலையோடு வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு ஆண்மக்கள்.

எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் இரத்த உறவு வெளியூரிலிருந்து வந்து படியேறும்போது, வீட்டுக்காரி அவர்களை ஏசி அழுவாள். வந்திட்டீங்களோ, இப்பத்தான் கண் தெரிஞ்சுதோ, எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போங்கோ என்று சொல்லுவாள். வருகிறவள் ஓடிப்போய் அவளைக் கழுத்தோடு கட்டி, நாங்கள் என்னத்தைக் கொண்டு போறது, உன்னட்டத்தானே விட்டிட்டுப் போறம் என்று பதில் சொல்லி அழ வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து அழுவார்கள். அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. செத்தவீடுகளுக்குப் போய்ப் போய் வருவது. பாஸின் மனைவிக்கும் அப்படித்தான் வந்தது. நாத்தனாரைக் கண்டதும், காலையிலிருந்து அடைத்துக்கொண்டு நின்றது எல்லாம் ஒரேயடியாக உடைந்தது.

"வந்திட்டியளோ! கொண்டு போங்கோ! இருந்த ஒண்டையும் கொண்டு போங்கோ! வீட்டையும் கொண்டு போங்கோ, விளக்கையும் கொண்டு போங்கோ, என்னையும் கட்டித் தூக்கிக் கொண்டு போங்கோ!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு இரண்டு கையையும் பெட்டிக்கும் வாசலுக்குமாக வீசி அழுதாள். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் தங்கை பதில் சொல்லுவாள் என்று அவளைப் பார்த்தார்கள்.

தங்கையின் முகம் மாறிப் போயிற்று. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு நடந்து வந்து, பாஸின் மனைவியின் காலடியில் விழுந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு முத்தமிட்டாள். "அக்கே, அக்கே" என்று மட்டும் கேட்டது.

பின்வளவுப் பெண் என் பக்கத்தில் நின்றாள். "ஏங்கய்யா, அந்தம்மா ஏன் கால்ல விழுறாங்க?" என்று கேட்டாள்.

எனக்கும் விளங்கவில்லை. தங்கையின் மூத்த மகன், பாஸின் மருமகன், என்னிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னபோதுதான் விளங்கியது. மாமி தன்னுடைய வாயாலேயே கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டா, அம்மாவுக்கு அவ்வளவு தமிழ் தெரியும், வழியெல்லாம் நாங்கள் இதை எப்படிக் கேட்பது என்று பயந்துகொண்டு வந்தோம், மாமிக்குப் புண்ணியம் என்றான்.

உடனே நான் வாயைத் திறந்தேன். அது ஒப்பாரி, அழுகிற பெண் சொல்லுவது, அதற்கு அர்த்தம் நேர்மாறு என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் ஒப்பாரிக்கு என்ன சொல் என்று தேடினேன். தேட நேரமில்லாமல், என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும் சிங்களம் வந்து விழுந்தது. மேற்படி கூற்றை அனுமதியாகக் கருதுதல் ஆகாது என்றேன்.

அவன் திகைத்தான். "அனுமதிப் பத்திரமா? கிராம சேவகரிடமா எடுக்க வேணும்?" என்று கேட்டான். நான் இல்லை இல்லை என்று தலையாட்ட, அவன் ஓடிப்போய் வானடிக்குப் போயிருந்த தம்பியையும் கூட்டிக்கொண்டு, பெட்டியடியில் கிடந்த ஆஸ்பத்திரிக் கடதாசியோடு வந்து என் கையில் தந்தான். நானும் கண்ணாடியைப் போட்டு அதைப் படித்தேன். முத்திரை சரி, கையெழுத்து சரி. அப்படிச் சொல்லியும் விட்டேன். இரண்டு பேரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் பெட்டி வைக்க வானின் கதிரைகளைக் கழற்றப் போனார்கள்.

அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. கையில் கடதாசி வந்தால் படித்துவிடுகிற பழக்கம்.

நான் பின்வளவுப் பெண்ணுக்குச் சொன்னது உள்ளே போய், பெண்கள் பாஸின் மனைவிக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். "நீ கத்தினதை அந்த மனிசி நிசமெண்டு பிடிச்சிட்டுது" என்று ஒருத்தி சொன்னாள். "கூப்பிட்டுச் சொல்லுங்கோ, கிளாக்கரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ" என்று இன்னொருத்தி. நான் போனேன். தங்கை பெட்டியடியில் இருந்து அண்ணனுடைய தலைமயிரை ஒதுக்கிவிட்டு, அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். அழுகையும் சிரிப்பும் கலந்த பேச்சு. பாஸின் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றா அண்ணை?"

அந்தச் சிங்களம் எனக்கு விளங்கியது. சின்னச் சின்னச் சொற்கள். "அம்மாட்டக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்றா" என்றேன்.

அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள்.

"நான் இப்ப சொல்லிறன் பிள்ளை. மெல்ல மெல்லச் சொன்னா விளங்கும்."

"விடுங்கோ."

"அது ஒப்பாரியெல்லோ!"

"அது எனக்கும் உங்களுக்கும். அவவுக்கு அது நான் குடுத்த சொல்லு. பிரேதத்துக்கு முன்னால குடுத்தது. காலில வேற விழுந்திட்டா. இனி எந்த வாயால இல்லை எண்டுறது?"

அவளுடைய தமையன் பாய்ந்து விழுந்தான். "உனக்கு விசரோ? குழி வெட்டியாச்சு!" என்றான். அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கலாம். அவளுடைய முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். சேமக்காலையில் வெட்டிய குழியை வெறுமையாக மூடக்கூடாது என்று ஒரு வாழைக்குற்றியைப் போட்டு மூடினார்கள். அவளுடைய மகனுக்குப் பக்கத்தில் இப்போது அதுதான் கிடக்கிறது.

அவளோடு நானும் வானில் போனேன். யாராவது பேச்சுக்குத் துணை வேண்டுமே. பாலத்தடியில் காவலுக்கு நின்ற சிப்பாய் எட்டிப் பார்த்து, மருமகனோடு இரண்டு வார்த்தை பேசி, தொப்பியைக் கழற்றிவிட்டு வழி விட்டான். மதவாச்சி தாண்டியதும் தங்கை செபமாலையை எடுத்தாள். அவர்கள் சிங்களத்தில் சொன்னார்கள். பாஸின் மனைவி வாய்க்குள் தமிழில் சொன்னாள். நான் மணிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். இரண்டு பாசையிலும் பத்து பத்தாகவே முடிந்தது. அந்த ஒரு மணித்தியாலம் யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

பிறகு தங்கை எனக்குத் தன்னுடைய தமிழைக் காட்ட ஆசைப்பட்டாள். விரல் மடக்கிச் சொன்னாள்: தண்ணி, மீன், உப்பு, வள்ளம், சோறு, வா, போ, பாத்து, கொண்டு வா, கொண்டு போ. நான் எண்ணினேன், பத்து. கடைசிச் சொல்லை எப்படித் தெரியும் என்றும் சொன்னாள். விடியப்புறத்தில் தகப்பன் கடலுக்குப் போகுமுன் தாய் சோற்றுப் பொட்டலத்தை அவள் கையில் தந்து, கரையைக் காட்டி அதைச் சொல்லுவாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் சின்னப்பிள்ளை முகமாக இருந்தது. தாய் வேறு என்னென்ன சொன்னாள் என்பது ஒன்றும் ஞாபகத்தில் இல்லையாம். பாஸின் மனைவி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு இதை மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் அடக்கம். தென்னைகளுக்கு இடையில் மணல் நிலம், கடல் சத்தம் கேட்கிற தூரம். எங்களுடைய சேமக்காலை போலத்தான், சிலுவைகளில் எழுத்துத்தான் வேறு. பழைய சிலுவைகள் சிலவற்றில் தமிழ் எழுத்தும் இருந்தது. நான் நான்கு கண்டேன். அந்தச் சனங்கள் சத்தம் போட்டு அழவில்லை. சுவாமி செபம் சொல்லி முடித்தார். பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். முதல் மண் விழுந்ததும் பாஸின் மனைவி குழியின் விளிம்பில் முழந்தாளில் விழுந்தாள்.

"கொண்டு போங்கோ! என்னையும் கொண்டு போங்கோ! என்னை ஆரிட்ட விட்டிட்டுப் போறியள்!"

எல்லாரும் அசையாமல் நின்றார்கள். தங்கை அவளைப் பிடிக்க ஓடியவள், பாதி வழியில் நின்றாள். குழியைப் பார்த்தாள். அங்கே கொண்டு போக இனி யாரும் இல்லை, எதுவும் இல்லை. அவள் என் பக்கம் திரும்பி, மிகவும் மெல்லக் கேட்டாள்.

"மஹத்தயா, நேற்றும் அக்கா இப்படித்தான் சொன்னாவா?"

"ஒவ்" என்றேன். ஆம் என்பதற்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மண்வெட்டிக்காரர்கள் விளிம்பில் கிடந்தவளைப் பார்த்துக் கையை நிறுத்தினார்கள். சுவாமியையும் பார்த்தார்கள். பெட்டியின் மூடி பாதி மறைந்திருந்தது. சுவாமி தலையை அசைக்க, மற்ற மண்ணையும் போட்டார்கள்.

அன்று பின்னேரம் அவர்களுடைய வீட்டு வாசலில் தங்கை அண்ணியின் கைகளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மன்னிப்புக் கேட்டாள். யாரிடம் கேட்டிருக்க வேண்டும், ஏன் கேட்கவில்லை என்று தன்னையே ஏசினாள். அண்ணனுக்குப் பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த இடத்தை அண்ணிக்குத் தருவதாகச் சொன்னாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல, பாஸின் மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். பாஸாக இருந்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பொய்யைச் சேர்த்து இருவரையும் கொஞ்சம் சிரிக்கப் பண்ணியிருப்பார். எனக்குச் சேர்க்க ஒன்றும் வரவில்லை.

ஊருக்கு வந்த பிறகு நானா கதையைக் கேட்டார். இறால் பெட்டிக்கு ஐஸ் போட்டுக்கொண்டே கேட்டார்.

"கிளாக்கர், உங்கட சிங்களம் கடிதம் எழுதுற சிங்களம். எங்கட சிங்களம் விலை பேசிற சிங்களம்."

"நீர் நிண்டிருந்தா சரியாச் சொல்லியிருப்பீரோ?"

அவர் கையை எடுத்துவிட்டு யோசித்தார். "இல்லை. மௌத்து வீட்டு அழுகையச் சிங்களத்தில விளங்கப்படுத்த எனக்கும் வராது. சந்தையில ஆரும் அழுறதில்லையே."

அது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. இத்தனை பாசை பேசுகிற ஒழுங்கையில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இருந்தவர் ஒருவர்தான். அவர் பெட்டிக்குள் கிடந்தார்.

தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுக்கிறாள். பாஸின் மனைவி நானாவின் பேத்தியிடம் கேட்டுச் சில சொற்களைப் பழகியிருக்கிறாள். சாப்பிட்டீங்களோ, மழையோ, சுகமோ என்ற அளவுக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் வேலிக்கு மேலாகத் தொலைபேசி என்னிடம் வரும்.

போன கிழமை அவள் தொலைபேசி இல்லாமல் வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அண்ணை, எனக்கும் வயது போகுது. நான் எங்க கிடக்கிறது? அவருக்குப் பக்கத்திலயோ, பிள்ளைக்குப் பக்கத்திலயோ?"

நானும் கதிரையை விட்டு எழும்பினேன்.

"யோசிச்சுப் பாத்தன். பிள்ளையின்ர எலும்பை எடுத்து அங்க வைக்க விடுவினமோ? பாதரிட்ட நான் கேக்கிறன். அவற்ர தங்கச்சியிட்ட நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ. அண்டைக்குப் போல இல்லாமல், வடிவா விளங்கக் கேளுங்கோ."

அவள் போன பிறகு அந்தக் கேள்வியை மனதுக்குள் சிங்களத்தில் அமைத்துப் பார்த்தேன். எனக்கே ஆச்சரியமாக, எங்கும் தடங்கவில்லை. புதைகுழியைத் தோண்டுதல், எச்சங்களை அகற்றுதல், வேறு மாவட்டத்துக்கு இடம் மாற்றுதல், அதற்கான ஒப்புதல். யுத்தத்துக்குப் பிந்திய வருடங்களில் அப்படிப்பட்ட கோப்புகள் என் மேசையால் எத்தனையோ போயிருக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் சரியாகத் தெரியும், எழுத்துப் பிழை இல்லாமல் தெரியும். அந்தச் சொற்களால் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றி அவனுடைய மாமியிடம் எப்படிக் கேட்பது?

நாளை ஞாயிறு. தங்கை எடுப்பாள். இன்று காலை நானாவின் பேத்தியைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளையைச் சிங்களத்தில் வீட்டார் எப்படிச் சொல்லுவார்கள் என்று கேட்டேன். அவள் சொன்னாள். வாசலில் இருந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் கச்சேரிக் குரலாகத்தான் வருகிறது.